வாயிலும் வல்லமையும்: கூகுள் தேடுபொறியின் போட்டி உத்தியில் இயல்புநிலைத் தெரிவின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

இணையத் தேடலில் கூகுள் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருப்பதற்கு அதன் தொழில்நுட்ப மேன்மையே காரணம் என்பது பரவலான கருத்து. அக்கருத்து ஒரு பகுதி உண்மையை மட்டுமே உரைக்கிறது. பயனர் தேடத் தொடங்கும் இடங்களில் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருக்குமாறு அந்நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தங்களும், அவ்விடங்களைத் தன்வசமாக்க உருவாக்கிய உலாவியும் கைப்பேசி இயங்குதளமும் அதன் மேலாண்மைக்குச் சமமான தூண்களாக நின்றன. 2000 முதல் 2025 வரையிலான காலப்பகுதியில் இவ்வுத்தி வளர்ந்த முறையையும், அது தொழில்நுட்ப மேன்மையோடு பின்னிப் பிணைந்த விதத்தையும், அமெரிக்கா, ஐரோப்பா, உருசியா, இந்தியா ஆகிய இடங்களில் அதற்கு எதிராக மேற்கொள்ளப்பட்ட சட்ட நடவடிக்கைகளின் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூகுள், தேடுபொறி, இயல்புநிலைத் தெரிவு, முற்றுரிமை, போட்டிச் சட்டம், ஆண்ட்ராய்டு, குரோம்.

முன்னுரை

லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்விலிருந்து பிறந்து, 1998ஆம் ஆண்டில் நிறுவனமாக வடிவம் பெற்றது கூகுள். ஒரு வலைப்பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் கொண்டு அப்பக்கத்தின் மதிப்பைக் கணிக்கும் 'பேஜ்ரேங்க்' முறை அதன் தொடக்கக்கால வலிமையாகும். அன்றைய தேடுபொறிகளைவிடப் பொருத்தமான விடைகளை அது தந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆயினும் 2024 ஆகஸ்டு 5 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பு, கூகுள் பொதுத் தேடலில் ஒரு முற்றுரிமையாளர் என்றும், அந்நிலையைக் காத்துக்கொள்ளச் சட்டத்துக்கு முரணாகச் செயற்பட்டது என்றும் முடிவுசெய்தது. சிறந்த பொருளைத் தருவதாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு நிறுவனம் எவ்வாறு போட்டியைச் சிதைத்ததாகக் கருதப்பட்டது? சிறந்த பொருள் தானே வெல்லுமெனில், அதனை முன்னிறுத்த ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி ரூபாய்க்கு ஈடான தொகையைச் செலவிட வேண்டிய தேவை என்ன? இவ்விரு வினாக்களும் இக்கட்டுரையின் மையமாகும்.

இயல்புநிலைத் தெரிவும் அதன் பொருளியலும்

புதிய கைப்பேசி ஒன்றை வாங்குபவர் அதன் முகப்புத் திரையிலுள்ள தேடல் பெட்டியிலோ உலாவியின் முகவரிப் பட்டையிலோ சொற்களை இடுகிறார். அச்சொற்கள் எந்தத் தேடுபொறிக்குச் செல்ல வேண்டும் என்பது அவர் கருவியைத் தொடுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். இவ்வாறு பயனர் எதனையும் மாற்றாத நிலையில் தானாகவே செயற்படும் தெரிவே 'இயல்புநிலைத் தெரிவு' ஆகும். பயனர் தேடலைத் தொடங்கும் இத்தகைய இடங்களை 'வாயில்' என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது.

தேடல் சேவைக்குப் பயனர் பணம் செலுத்துவதில்லை. வருவாய் விளம்பரதாரரிடமிருந்து வருகிறது. கூகுள் 2000ஆம் ஆண்டில் 'ஆட்வேர்ட்ஸ்' என்னும் விளம்பர முறையைத் தொடங்கியது. 2002இல், விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம் என்ற அடிப்படையில் அமைந்த ஏல முறையை அதனுடன் இணைத்தது. தேடுபவர் தம் தேவையைத் தாமே சொற்களில் வெளிப்படுத்துவதால், அத்தருணத்தில் காட்டப்படும் விளம்பரத்துக்கு விளம்பரதாரர் மிகுந்த விலை தர முன்வருகிறார்.

இதிலிருந்து ஓர் எளிய கணக்கு பிறக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாக ஒரு வருவாய் உண்டு. அவ்வருவாயில் ஒரு பங்கை வாயிலின் உரிமையாளருக்குக் கொடுத்தாலும் எஞ்சுவது இலாபமே. ஒரு தேடலிலிருந்து மிகுந்த வருவாய் ஈட்டும் நிறுவனம், வாயிலுக்கும் மிகுந்த விலை தர இயலும். ஆகவே விளம்பரச் சந்தையில் பெற்ற வலிமை வாயில்களுக்கான போட்டியிலும் வலிமையாக மாறுகிறது.

முதற்கட்டம்: பிறர் வாயில்களைப் பெறுதல்

கூகுளின் தொடக்கக்கால வளர்ச்சி தனித்த வலைத்தளத்தின் வழியாக மட்டும் நிகழவில்லை. 2000ஆம் ஆண்டில் அன்றைய இணைய முகப்புத் தளங்களுள் முதன்மையானதாக இருந்த யாகூ, தன் தேடல் முடிவுகளைக் கூகுளிடமிருந்து பெறத் தொடங்கியது. 2002இல் ஏஓஎல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இவற்றால் கூகுள் பெற்றவை இரண்டு: ஒன்று வருவாய், மற்றொன்று கோடிக்கணக்கான பயனர்களின் தேடல் பழக்கம் பற்றிய அறிவு. 2004இல் யாகூ தன் சொந்தத் தேடுபொறிக்கு மாறியபோது, பயனர்கள் கூகுளை அதன் பெயராலேயே அறிந்திருந்தனர். கூட்டாளியாக இருந்த யாகூ தன் போட்டியாளரைத் தானே வளர்த்துவிட்ட நிலையை இந்நிகழ்வு காட்டுகிறது.

இக்கட்டத்தின் நீண்ட விளைவுடைய உடன்பாடு ஆப்பிளுடன் ஏற்பட்டதாகும். 2002இல் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலைப் பயன்படுத்த ஆப்பிள் உரிமம் பெற்றபோது பணப் பரிமாற்றம் இருக்கவில்லை. 2005இல் இயல்புநிலைத் தெரிவாக இருப்பதற்கு ஈடாக விளம்பர வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. ஐபோன் வெளிவருவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் எழுந்த இந்த ஏற்பாடு, ஐபோனின் வளர்ச்சியோடு தானும் வளர்ந்தது. நீதிமன்றத்தில் வெளியான தகவலின்படி, சஃபாரி வழித் தேடல் விளம்பர வருவாயில் 36 விழுக்காடு ஆப்பிளுக்குச் சென்றது. 2022இல் இவ்வகையில் ஆப்பிள் பெற்ற தொகை ஏறத்தாழ 2,000 கோடி டாலர். அனைத்துக் கூட்டாளிகளுக்கும் சேர்த்து 2021இல் கூகுள் வழங்கியது 2,630 கோடி டாலர். தேடலுக்காக அது செய்த பிற செலவுகள் அனைத்தின் கூட்டுத்தொகையைப் போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது.

இரண்டாம் கட்டம்: தன் வாயில்களை எழுப்புதல்

பிறர் வாயிலைச் சார்ந்திருப்பதில் ஓர் இடர் உண்டு. வாயிலின் உரிமையாளரே போட்டியாளராகவும் இருந்தால் எந்நேரமும் அது அடைக்கப்படலாம். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இவ்விடர் மைக்ரோசாஃப்ட் வடிவில் தோன்றியது. பெரும்பாலான கணினிகளில் இடம்பெற்றிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் ஏழாம் பதிப்பு, 2006இல் தேடல் பெட்டியுடன் வெளிவந்தது. அப்பெட்டியின் இயல்புநிலை மைக்ரோசாஃப்டின் தேடுபொறியாக அமைவது குறித்துக் கூகுள் அன்று அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. இயல்புநிலைத் தெரிவு பயனரின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை அந்நாளில் வலியுறுத்திய நிறுவனமே, பின்னாளில் பயனர் எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியது என அதன் வலிமையைக் குறைத்துரைத்தது கருதத்தக்கது.

மைக்ரோசாஃப்டின் உலாவிக்குள் கூகுள் தேடல் பெட்டியைச் சேர்க்கும் 'டூல்பார்' என்னும் கூடுதல் மென்பொருள் இவ்விடருக்கு எதிரான முதற்காப்பாக இருந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவரும் பின்னர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானவருமான சுந்தர் பிச்சை, 2004இல் கூகுளில் சேர்ந்தபின் பொறுப்பேற்ற தொடக்கப் பணிகளுள் இது ஒன்று. அவர் முன்னின்று நடத்திய அடுத்த பெரும்பணி குரோம் உலாவி. 2008 செப்டம்பர் 2 அன்று வெளியான அவ்வுலாவியில் முகவரிப் பட்டையும் தேடல் பெட்டியும் ஒன்றாகவே இருந்தன. முகவரி இடும் செயலே தேடலாக மாறிற்று.

கைப்பேசித் துறையில் இதே பணியை ஆண்ட்ராய்டு செய்தது. 2005இல் ஆண்ட்ராய்டு என்னும் சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. 2007இல் கருவி உற்பத்தியாளர்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் கொண்ட கூட்டமைப்பை அறிவித்தது. இயங்குதளத்தின் மூலநிரல் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆனால் அதனைச் சூழ மூவகை ஒப்பந்தங்கள் அமைந்தன. 'பிளே ஸ்டோர்' வேண்டும் உற்பத்தியாளர் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே நிறுவவேண்டும் என்பது முதல்வகை. ஆண்ட்ராய்டின் மாற்றுருவங்களில் இயங்கும் கருவிகளை விற்கக் கூடாது என்பது இரண்டாம் வகை. கூகுள் தேடலை மட்டுமே முன்னிறுத்தினால் வருவாய்ப் பங்கு கிடைக்கும் என்பது மூன்றாம் வகை. செயலிக் கடை இல்லாத கைப்பேசிக்குச் சந்தையில் இடமில்லை. ஆதலால் விலையில்லாப் பொருளைப் பெற்ற உற்பத்தியாளர் இவ்வொப்பந்தங்களை ஏற்கவேண்டியவரானார்.

வாயில், தரவு, தரம்: ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி

தேடுபொறி, தன்னைப் பயன்படுத்துவோரிடமிருந்தே கற்கிறது. எச்சொல்லுக்கு எவ்விடையைப் பயனர் தேர்ந்தார், எதனைத் திறந்த உடனே மூடித் திரும்பினார், சொல்லை எவ்வாறு திருத்தினார் என்பன அடுத்த பயனருக்கு நல்ல விடையளிக்க உதவுகின்றன. நாள்தோறும் பலர் தேடும் பொதுவான சொற்களுக்குச் சிறிய தேடுபொறியும் நல்ல விடை தரவியலும். அரிதாகத் தேடப்படும் சொற்களுக்கே மிகுந்த தரவு தேவைப்படுகிறது.

அமெரிக்க நீதிமன்றத்தின் கண்டறிதலின்படி, 2020இல் அந்நாட்டின் பொதுத் தேடல்களில் 89.2 விழுக்காடு கூகுள் வழியே நிகழ்ந்தது. கைப்பேசியில் இவ்வளவு 94.9 விழுக்காடு. போட்டியாளர் அனைவரும் சேர்ந்து பெறும் தேடல்களைப் போல் ஒன்பது மடங்கும், கைப்பேசியில் பத்தொன்பது மடங்கும் கூகுள் பெற்றது. அந்நாட்டுத் தேடல்களில் ஏறத்தாழ 50 விழுக்காடு ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வாயில்கள் வழியே செல்கிறது. மேலும் 20 விழுக்காடு பயனர் தாமே நிறுவிக்கொண்ட குரோம் வழியே செல்கிறது. கூகுள் முன்னமைக்கப்படாத வாயில்களுக்கு எஞ்சுவது 30 விழுக்காடே.

வாயில் தேடல்களைத் தருகிறது. தேடல்கள் தரவைத் தருகின்றன. தரவு தரத்தை உயர்த்துகிறது. தரம் விளம்பர வருவாயைப் பெருக்குகிறது. அவ்வருவாய் மீண்டும் வாயிலை வாங்குகிறது. இச்சுழற்சியின் எந்தப் புள்ளியில் உழைப்பின் பயன் முடிந்து விலக்கும் ஆற்றல் தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிவதே போட்டிச் சட்டம் எதிர்கொண்ட கடினமான பணி.

தரமா, இருப்பிடமா? இருபக்கச் சான்றுகள்

கூகுள் தரப்பின் வாதம் தெளிவானது. பயனர் கூகுளை விரும்புவதாலேயே கூட்டாளிகள் அதனைத் தெரிவுசெய்கின்றனர். விரும்பாதவர் சில சொடுக்குகளில் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ஆதரவாக ஃபயர்ஃபாக்ஸ் நிகழ்வு சுட்டப்படுகிறது. 2014இல் மொசில்லா அமைப்பு அமெரிக்காவில் தன் உலாவியின் இயல்புநிலையை யாகூவுக்கு மாற்றியது. பயனர் பலர் அமைப்பை மாற்றிக் கூகுளுக்குத் திரும்பினர். 2017இல் மொசில்லாவும் திரும்பியது. வருவாய்ப் பங்கில் மைக்ரோசாஃப்ட் மிகுதியாகத் தர முன்வந்தும் ஆப்பிள் பிங்குக்கு மாறவில்லை என்பதும் இத்தரப்பை வலுப்படுத்துகிறது. கூகுளின் பொறியாளர் திறனையும் இடைவிடாத புத்தாக்கத்தையும் தீர்ப்பே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுள்ளது.

எதிர்ச்சான்றுகளும் வலுவானவை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் இயல்புநிலைத் தேடுபொறி பிங். அவ்வுலாவியில் நிகழும் தேடல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு பிங்குக்கே செல்கிறது. ஒட்டுமொத்தச் சந்தையிலோ பிங்கின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. எட்ஜில் நிலைத்திருப்போர் இயல்பாகவே பிங்கை ஏற்பவர்கள் என்று ஒரு பகுதியைத் தள்ளினாலும், எஞ்சும் வேறுபாடு பெரிது. ஆப்பிள் கருவிகளில் இயல்புநிலையை இழந்தால் அக்கருவிகளின் தேடல்களில் 60 முதல் 80 விழுக்காடு வரை இழக்க நேரும் என்று கூகுளே 2020இல் உள்மதிப்பீடு செய்திருந்தது. எளிதில் மாற்றத்தக்கது என்று கூறப்படும் ஒன்றை இழப்பதன் விலையை நிறுவனமே இவ்வளவு உயர்வாகக் கணித்தது கருதத்தக்கது.

நீவா என்னும் தேடுபொறியின் வரலாறு இவ்விவாதத்துக்குத் தனிச்சிறப்பான சான்று. கூகுளின் விளம்பரப் பிரிவைத் தலைமையேற்று நடத்தியவரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவருமான ஸ்ரீதர் ராமசாமி, 2019இல் அதனைத் தொடங்கிய இருவருள் ஒருவர். விளம்பரமின்றிப் பயனர் சந்தாவால் இயங்குவது அதன் நோக்கம். 2023இல் அதன் பொதுத் தேடல் சேவை மூடப்பட்டது. பணம் செலுத்தச் செய்வதைவிட, புதிய தேடுபொறியொன்றை முயன்று பார்க்கச் செய்வதே கடினமாக இருந்தது என்று அந்நிறுவனம் மூடும்போது அறிவித்தது. இயல்புநிலையை மாற்றப் பயனர் கடக்கவேண்டிய படிகளை அது ஒரு காரணமாகச் சுட்டியது. தேடல் தொழிலின் உள்நுட்பங்களை முழுமையாக அறிந்தவர்களுக்கும் வாயில் கிட்டவில்லை.

இச்சான்றுகளுள் மிகுந்த பொருளுடையது வேறொன்று. தேடலின் தரத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தாலும் வருவாய் குறையாது என்பதைக் கூகுள் 2020இல் மேற்கொண்ட உள்ளாய்வு காட்டியதாகத் தீர்ப்பு பதிவுசெய்கிறது. அந்நிறுவனம் தரத்தைக் குறைத்தது என்பது இதன் பொருளன்று. குறைத்தாலும் தண்டிக்கப்படாத நிலையில் அது இருந்தது என்பதே இதன் பொருள். முற்றுரிமையின் பொருளியல் இலக்கணம் இதுவே.

சட்டம் அளித்த விடைகள்

இவ்வுத்தியை வெவ்வேறு நாடுகளின் போட்டி அமைப்புகள் எதிர்கொண்டன. உருசியாவில் உள்நாட்டுத் தேடுபொறியான யாண்டெக்ஸ் அளித்த முறையீட்டின் தொடர்ச்சியாக, 2017இல் உடன்பாடு ஏற்பட்டு, ஆண்ட்ராய்டு பயனர் தேடுபொறியைத் தெரிவுசெய்யும் திரை அறிமுகமாயிற்று. அதன்பின் கைப்பேசித் தேடலில் யாண்டெக்ஸின் பங்கு கணிசமாக உயர்ந்தது.

ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில், மேற்குறித்த மூவகை ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்காக 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அம்முடிவைப் பெருமளவு உறுதிசெய்து, தண்டத்தை 412.5 கோடி யூரோவாகக் குறைத்தது. ஐரோப்பாவிலும் தெரிவுத் திரை வந்தது. முதலில் அத்திரையில் இடம்பெறப் போட்டியாளர்கள் ஏலத்தில் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2021இல் அது கட்டணமற்றதாக்கப்பட்டது. எனினும் சந்தைப் பங்கில் பெரிய மாற்றம் நிகழவில்லை. உருசியாவில் பயனர் நன்கறிந்த, தரத்தில் ஒப்பிடத்தக்க போட்டியாளர் முன்பே இருந்தார். ஐரோப்பாவில் அத்தகையவர் இல்லை. வாயிலைத் திறப்பது மட்டும் போதாது, அதன்வழி நுழையத் தகுதியுடைய ஒருவர் வளர்ந்திருக்கவும் வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. நெடுங்காலம் வாயில் அடைபட்டிருந்தமையே அத்தகையவர் வளராமைக்கு ஒரு காரணம் என்பதையும் உடன் கருதவேண்டும்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. செயலிகளைத் தொகுப்பாக நிறுவக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது உள்ளிட்ட பல ஆணைகளையும் பிறப்பித்தது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அதன்பின் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெறவும், பயனர் தேடுபொறியைத் தெரிவுசெய்யவும் வழிசெய்வதாகக் கூகுள் அறிவித்தது. 2023 மார்ச்சில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதிசெய்தபோதிலும், ஆணைகளுள் நான்கினை நீக்கியது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளே பெரும்பான்மையாக உள்ள இந்தியாவில் இவ்வழக்கு, ஆப்பிள் ஒப்பந்தத்தை மையமாகக் கொண்ட அமெரிக்க வழக்கைவிட அன்றாடப் பயனருக்கு நெருக்கமானது.

அமெரிக்க வழக்கில் தீர்வு குறித்த முடிவு 2025 செப்டம்பர் 2 அன்று, குரோம் வெளியாகிச் சரியாகப் பதினேழு ஆண்டுகள் நிறைவுற்ற நாளில் வெளியாயிற்று. குரோமை விற்கவேண்டும் என்ற அரசுத் தரப்பின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. தனியுரிமை கோரும் ஒப்பந்தங்கள் தடைசெய்யப்பட்டன. தகுதியுடைய போட்டியாளர்களுக்குச் சில தேடல் தரவுகளை வழங்கவும் ஆணையிடப்பட்டது. ஆயினும் இயல்புநிலைக்காகப் பணம் செலுத்துவது தடைசெய்யப்படவில்லை. அத்தடை, இவ்வருவாயை நம்பியிருக்கும் உலாவி நிறுவனங்களையும் கருவி உற்பத்தியாளர்களையும் பாதிக்கும் என்பது ஒரு காரணம். மொசில்லாவின் வருவாயில் மிகப்பெரும் பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது. போட்டி உலாவியின் உயிர்ப்பே முற்றுரிமையாளரின் பணத்தைச் சார்ந்திருக்கும் இந்த முரண், இத்தொழிலின் அமைப்பைத் தெளிவுறக் காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் வாயில்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின், வினாவுக்கு நேரடியாக விடைகூறும் கருவிகள் தேடலுக்கு மாற்றாக எழுந்தன. கூகுள் தன் ஜெமினி கருவியைத் தேடலிலும் ஆண்ட்ராய்டிலும் இணைத்துவருகிறது. இப்புதிய போட்டியே தீர்வைப் பற்றிய நீதிமன்றத்தின் எண்ணத்தைப் பெரிதும் பாதித்தது. வன்மையான கட்டமைப்புத் தீர்வைத் தவிர்க்க அது ஒரு காரணமாயிற்று. அதே வேளையில் தனியுரிமை ஒப்பந்தத் தடை ஜெமினிக்கும் விரிவாக்கப்பட்டது. தேடலில் கையாண்ட உத்தி அடுத்த தொழில்நுட்பத்திலும் தொடரக் கூடாது என்பதே இதன் கருத்து. உலாவியிலும் கைப்பேசியிலும் எந்த உரையாடற்கருவி முன்னமைக்கப்படும் என்பது, 2005இல் சஃபாரியின் தேடல் பெட்டி பற்றி எழுந்த அதே வினாவின் புதிய வடிவமாகும்.

முடிவுரை

கூகுளின் மேலாண்மையைத் தரத்தின் வெற்றி என்றோ ஒப்பந்தங்களின் சூழ்ச்சி என்றோ ஒற்றைக் காரணத்தால் விளக்கவியலாது. தரம் அந்நிறுவனத்துக்கு முதல் வாயிலைப் பெற்றுத் தந்தது. வாயில்கள் அத்தரத்தைப் பிறர் எட்டவியலாத உயரத்துக்குக் கொண்டுசென்றன. முதல் நிகழ்வைச் சட்டம் போற்றுகிறது, இரண்டாவதைத் தடுக்கிறது. இரண்டும் ஒரே சுழற்சியின் பகுதிகளாக இருப்பதால் தீர்வுகள் தயக்கத்துடனேயே அமைந்தன.

உருசிய, ஐரோப்பியப் பட்டறிவுகளை ஒப்பிடும்போது, காலம் இதில் முதன்மையான கூறு எனத் தெரிகிறது. ஆப்பிளுடனான வருவாய்ப் பகிர்வு தொடங்கியது 2005இல். அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது 2020இல். தீர்வு வந்தது 2025இல். இருபதாண்டுகளில் திரண்ட தரவையும் பயனர் பழக்கத்தையும் எந்த ஆணையாலும் முழுமையாகப் பகிர்ந்தளிக்க இயலாது. தண்டத்தின் அளவைவிட, வாயில்கள் உருவாகும் பருவத்திலேயே அவற்றைக் கண்டறிவது போட்டிக் கொள்கைக்கு இன்றியமையாதது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் வாயில்கள் இப்போது அப்பருவத்திலேயே உள்ளன.